நகரக் குப்பை உரம் வாங்கும்போது

நகராட்சிக் கிடங்கிலிருந்து வண்டி வண்டியாகக் குப்பை உரம் ஓட்டி வந்து வயலில் கொட்டியது பெரியவர்களுக்கு நினைவிருக்கும். அந்நாளில் வீட்டுக் குப்பை என்றால் காய்கறித் தோல், எச்சில் இலை, அடுப்புச் சாம்பல், வாசல் கூட்டிய மண், சாணம். எல்லாமே மட்கும், அல்லது மண்ணோடு கலந்துவிடும். சாம்பலிலிருந்து ஓரளவு சாம்பல் சத்தும் கிடைத்தது.

இன்றைய குப்பை வேறு. இந்திய நகரங்களில் எடுத்த கணக்குப்படி, 1996-ல் 100 கிலோ குப்பையில் பிளாஸ்டிக் சுமார் 600 கிராம்தான் இருந்தது. 2005-ல் அது 9 கிலோவைத் தாண்டியது. மண், சாம்பல் போன்றவை 45 கிலோவிலிருந்து 25 கிலோவாகக் குறைந்தன. மட்கும் பொருள் மட்டும் அப்போதும் பாதிக்குச் சற்றுக் குறைவாக இருந்தது. பின்னரும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆகவே உரமாகும் சரக்கு குறையவில்லை, அதோடு கலந்து வருவதுதான் மாறிவிட்டது.

கண்ணாடிச் சில்லு காலைக் கிழிக்கும். அது கண்ணுக்குத் தெரியும். தெரியாமல் வருபவை ஈயமும் காட்மியமும். பழைய பேட்டரி, பெயிண்ட் டப்பா போன்றவை குப்பையில் கலப்பதால் இவை உரத்தில் சேருகின்றன. யூரியாவைப் போல ஒரு மழையில் கரைந்து போகும் சரக்கல்ல இவை. மண்ணிலேயே தங்கி, கீரை, கிழங்கு வழியாக நம் வயிற்றுக்கு வரும். ஒரு கிலோ நகரக் கம்போஸ்டில் ஈயம் 100 மில்லிகிராம், காட்மியம் 5 மில்லிகிராம் அளவைத் தாண்டக்கூடாது என்பது உரக் கட்டுப்பாட்டு ஆணையின் வரம்பு. விற்பவரிடம் பகுப்பாய்வுச் சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். சீட்டு இல்லையென்றால், விலை எவ்வளவு மலிவானாலும் கீரை, கிழங்கு பயிரிடும் நிலத்தில் இடவேண்டாம்.

வாங்குமுன் 4 மில்லிமீட்டர் சல்லடையில் ஒரு கூடை சலித்துப் பாருங்கள். நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு கீழே இறங்க வேண்டும். பிறகு ஒரு கைப்பிடி உரத்தை நனைத்து, டப்பாவில் அடைத்து மூன்று நாள் கழித்துத் திறந்து பாருங்கள். துர்நாற்றம் அடித்தால் இன்னும் மட்கவில்லை என்று பொருள். அரைகுறையாக மட்கியதை வயலில் இட்டால், அதை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும், பயிர் வெளிறும். தழைச்சத்துக்காக வாங்கிய உரமே தழைச்சத்தைப் பறித்த கதையாகிவிடும்!

உப்பு மிகுந்திருக்கிறதா என்றறிய, வெறும் மண்ணில் ஒரு தொட்டி, பாதி உரம் கலந்த மண்ணில் ஒரு தொட்டி வைத்து, இரண்டிலும் இருபது பாசிப்பயறு விதையுங்கள். உரத் தொட்டியில் முளைப்பு வெகுவாகக் குறைந்தால் அந்த உரத்தைத் தவிர்க்கவும்.

வீடுகளிலேயே குப்பையைப் பிரித்து வாங்கி, மட்குவதை மட்டும் உரமாக்கும் பேரூராட்சிகளும் உண்டு. பக்கத்தில் அப்படி இருந்தால் அங்கு வாங்குவதே நல்லது. சந்தைக் காய்கறிக் கழிவில் தயாரானதும் நல்ல சரக்கே.

நம் வீட்டு எருக்குழியையும் ஒருமுறை கிளறிப் பாருங்கள். ஷாம்பு உறையும் பால் கவரும் அங்கும் வந்திருக்கும். குழியோரம் ஒரு பழைய சாக்கைக் கட்டி வைத்து, அவற்றை அதில் போடச் சொல்லுங்கள்.