தயமின் என்னும் சொல்: அதன் பொருளும் வீட்டு உபயோகமும்

மருந்துக் கடையில் விற்கும் சத்து மாத்திரை அட்டையிலும், குழந்தைகளுக்குரிய பால்மாவு டப்பியிலும் "தயமின்" என்னும் சொல் அச்சிடப்பட்டிருப்பதை அங்கத்தினர் பலர் கண்டிருக்கக்கூடும். வைத்தியர் சீட்டில் இதுவே "பி1" என்றும் எழுதப்படும். இரண்டும் ஒரே பொருளின் பெயர்கள். அப்பொருள் நம் வீட்டில் எங்கே இருக்கின்றது, எவ்வாறு வீணாகின்றது என்பவற்றை இப்பாடத்தில் ஆராய்வோம்.

சொல்லின் பொருள்

"தயோ" என்பது கந்தகத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லினின்று வந்தது. "அமின்" என்பது நைட்ரஜன் சேர்ந்த ஒருவகைப் பொருளுக்கு ரசாயன நூலார் இட்ட பெயர். ஆகவே, கந்தகம் அடங்கிய அமின் என்பதே இதன் நேர்ப்பொருள். 1912-இல் காஸிமிர் பங்க் என்பார், உயிருக்கு இன்றியமையாத அமின் என்னும் கருத்தில் "வைட்டமின்" என்ற சொல்லை உண்டாக்கினார். அவர் அப்போது அரிசித் தவிட்டில் தேடிக்கொண்டிருந்த பொருள் இந்தத் தயமினே. 1936-இல் இதனை ரசாயன முறையில் செய்து காட்டி, தயமின் எனப் பெயரிட்ட ராபர்ட் வில்லியம்ஸ், 1886-இல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த நெல்லூரில் பிறந்தவர். அட்டையில் "தயமின் ஹைட்ரோகுளோரைடு", "தயமின் மோனோநைட்ரேட்" என்று காணப்படுபவை இதன் உப்பு வடிவங்களே. வேறு மருந்துகள் அல்ல.

உடலில் இதன் வேலை

சோற்றிலுள்ள மாச்சத்து உடலில் சக்தியாக மாறுவதற்குத் தயமின் வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஒன்று முதல் ஒன்றரை மில்லிகிராம் வரை போதும். ஆயினும், உடல் இதனை நெடுநாள் சேமித்து வைப்பதில்லை. சில வாரங்களில் இருப்புத் தீர்ந்துவிடும். அதன்பின் கால் மரத்தல், நடை தளர்தல், வீக்கம், படபடப்பு, மூச்சு வாங்குதல் ஆகியன தோன்றும். இதுவே பெரிபெரி வியாதி.

கோழிகள் கற்பித்த பாடம்

1890-ஆம் ஆண்டையொட்டி ஜாவாத் தீவில் எய்க்மன் என்னும் டச்சு வைத்தியர் ஆராய்ச்சிக்காக வளர்த்த கோழிகள் கால் விளங்காமல் விழுந்தன. ராணுவ ஆஸ்பத்திரியில் மிஞ்சிய வெள்ளைச் சோறு அவற்றுக்கு இடப்பட்டு வந்தது. புதிதாய் வந்த சமையற்காரர் அச்சோற்றைத் தர மறுக்கவே, தீட்டாத அரிசி இடப்பட்டது, கோழிகள் தேறின. தவிட்டோடு ஏதோ ஒன்று போய்விடுகிறது என்பது இவ்வாறு வெளிப்பட்டது. எய்க்மன் 1929-இல் நோபல் பரிசு பெற்றார்.

நம் நாட்டிலும் இதற்குச் சான்று உண்டு. 1918-இல் குன்னூரில் மக்காரிஸன் என்பார் பெரிபெரி பற்றிய ஆராய்ச்சியைத் தொடங்கினார். அக்காலத்தில் மில்லில் நன்கு தீட்டிய பச்சரிசியை உண்டுவந்த வட சர்க்கார் ஜில்லாக்களில் இவ்வியாதி பரவியிருந்தது. புழுங்கலரிசி உண்ட தமிழ் ஜில்லாக்களிலோ இது அரிது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது, தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமினில் ஒரு பகுதி நீரோடு அரிசியின் உள்ளே இறங்குகிறது. பின்னர் தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. நெல் அவித்த நம் முன்னோர் இச்சொல்லை அறியார். பொருளை மாத்திரம் காத்தனர்.

நூறு கிராம் தீட்டாத அரிசியில் ஏறத்தாழ 0.3 முதல் 0.4 மில்லிகிராம் தயமின் உண்டு. தீட்டிய புழுங்கலரிசியில் 0.2 அளவு தங்கும். நன்கு தீட்டிய பச்சரிசியிலோ 0.1-க்கும் குறைவே.

தாய்மார் அறியவேண்டுவது

பிள்ளை பெற்ற தாய்க்குப் பத்தியம் என்று வெள்ளைச் சோறும் ரசமும் மாத்திரம் பல வாரம் தருவது ஆபத்தாகும். தாயிடம் தயமின் குன்றினால் தாய்ப்பாலிலும் குன்றும். தாய் நலமாகத் தோன்றும்போதே, இரண்டு முதல் நான்கு மாதக் குழந்தை பால் குடிக்க மறுத்து, வாந்தியெடுத்து, குரல் எழும்பாமல் அழுது, மூச்சு முட்டி, இருதயம் தளர்ந்து இறக்கக்கூடும். 2010-ஆம் ஆண்டுக்குப் பின்னரும் காஷ்மீரத்தில் இத்தகைய குழந்தைகளை வைத்தியர்கள் கண்டிருக்கின்றனர். இக்குறிகள் தோன்றினால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்க. காலத்தில் தயமின் ஊசி போடப்பட்டால் சில மணி நேரத்திலேயே குழந்தை தேறுவதுண்டு. தாய்ப்பாலை நிறுத்துவது பரிகாரமன்று. தாயின் ஆகாரத்தைத் திருத்துவதும், வைத்தியர் யோசனைப்படி தாய்க்கும் தயமின் தருவதுமே பரிகாரம்.

அநுசரிக்க வேண்டியவை

1. புழுங்கலரிசியும் பச்சரிசியும் கிடைக்குமிடத்து அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசியையே கொள்க.

2. அரிசியைப் பலமுறை தேய்த்துக் கழுவற்க. தயமின் நீரில் கரைவது.

3. கஞ்சி வடிக்காமல் அளவான நீரில் சமைக்க. வடித்தால் அக்கஞ்சியைக் கொட்டாது பருகுக.

4. பருப்பு விரைவில் வேக ஆப்பச்சோடா இடற்க. அது தயமினை அழிக்கும்.

5. துவரை, உளுந்து, பாசிப்பயறு, எள், நிலக்கடலை இவற்றுள் ஒன்றேனும் நாள்தோறும் இலையில் இருக்கட்டும். மிகுதியாய்க் குடிப்பவர் உடலில் தயமின் குன்றும் என்பதையும் நினைவிற் கொள்க.

6. கைக்குத்தல் அரிசி விரைவில் சிக்கு நாற்றம் கொள்ளும், புழுவும் பற்றும். ஆதலால் சிறுகச் சிறுக வாங்குக.

சங்கத்தின் நிர்வாகத்தில் அரிசி மில் இருக்குமாயின், எவ்வளவு தீட்டுவது என்பதை அங்கத்தினர் கூட்டத்தில் ஆலோசித்து முடிவு செய்யலாம். அரிசி மல்லிகைப்பூப் போல் வெளுக்கவேண்டும் என்று கேட்பவர் நாமே. அவ்வெளுப்புக்காகத் தவிட்டை இழப்பவரும் நாமே. இழந்த சத்தை மாத்திரையாக விலை கொடுத்து வாங்கும் முன்னர், நம் நெல்லில் உள்ளதைக் காத்துக்கொள்வதே சிக்கனம்.