கார்போமரைப் பக்குவம் செய்யும் முறை

முகத்தில் பூசும் தெளிந்த ஜெல் குப்பியின் பின்புறத்தில், பொடி எழுத்துகளில் நெருக்கி அச்சிட்ட சேர்மானப் பட்டியலிலே கார்போமர் என்னும் பெயரைக் காண்பவர் அதை ஏதோ அபூர்வமான ஔஷதம் என்று எண்ணிக்கொள்ளக்கூடும். உண்மையில் சருமத்துக்கு நன்மை செய்யும் சக்தி அதற்கு ஏதும் இல்லை, நீரை ஓடவிடாமல் நிறுத்திவைக்கும் ஒரே காரியத்துக்காகவே அது அங்கே இடம் பெறுகிறது. அக்ரிலிக் அமிலத்தை நீண்ட சங்கிலிகளாகக் கோத்து, அச்சங்கிலிகளை ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைத்துச் செய்யும் இந்தச் செயற்கைப் பாலிமரை, 1950களில் அமெரிக்காவின் பி.எஃப். குட்ரிச் கம்பெனியார் கார்போபோல் என்ற வியாபாரப் பெயருடன் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். வீட்டிலே இதைக் கொண்டு ஜெல் செய்வது கஷ்டமான வித்தை அன்று. ஆனால் கிரமம் தவறினால் பொருள் முழுவதும் விரயமாகும்.

நூறு கிராம் ஜெல்லுக்குக் கார்போமர் 940 என்னும் வகையில் 0.5 கிராம், கிளிசரின் 4 கிராம், கெடாமல் காப்பதற்கு ஃபினாக்ஸிஎத்தனால் 0.9 கிராம், அமிலத்தைச் சமன் செய்ய டிரைஎத்தனோலமைன் 0.75 கிராம் வரை, எஞ்சிய பாகத்துக்குக் காய்ச்சி வடித்த நீர் ஆகியவை போதும். கார்போமர் பஞ்சுபோல் லேசான தூளாதலால் கரண்டியால் அளப்பது வீண், 0.01 கிராம் காட்டும் தராசு அவசியம். அந்தத் தூள் மூச்சோடு உள்ளே போனால் தொண்டையை உறுத்துமாகையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டு வேலையைத் தொடங்குவது உத்தமம்.

முதல் காரியமே மிக முக்கியமானது. பாத்திரத்தில் நீரை வைத்துக்கொண்டு தூளை ஒரே வீச்சில் கொட்டுவீர்களானால், கேழ்வரகு மாவைக் கொதிநீரில் கொட்டியதுபோல் வெளியே வழவழப்பும் உள்ளே வறண்ட தூளுமாகக் கட்டிகள் விழும். அவற்றைப் பின்னர் எவ்வளவு கிளறினாலும் கரைக்க இயலாது. ஆகவே தேநீர் வடிகட்டியில் தூளை இட்டு, நீரின் மேற்பரப்பு முழுவதும் மெல்லிய படலமாக விழும்படி தட்டித் தூவி, கிளறாமல் மூடிவைத்து, அது தானே நனைந்து இறங்குமளவும் காத்திருக்க வேண்டும். அவசரமில்லாதவர்கள் இரவு முழுவதும் விட்டுவைக்கலாம். நானும் அதையே சிபாரிசு செய்வேன். பிறகு மெதுவாகக் கலக்கினால் சற்றே மங்கிய, நீர்த்த திரவம் கிடைக்கும். கெட்டிப்படவில்லையே என்று கலங்கி மேலும் தூளைச் சேர்ப்பது பலருக்கும் நேரும் சபலம்; அதற்கு இடங்கொடுக்கலாகாது.

இந்நிலையில் கிளிசரினையும் ஃபினாக்ஸிஎத்தனாலையும் சேர்த்துக் கலந்து, காற்றுக் குமிழிகள் மேலேறி மறையும் வரையில் அசையாது வைத்திருங்கள். ஜெல் இறுகிய பின்னர் அகப்பட்ட குமிழி அங்கேயே சிறைப்பட்டு நிற்கும்.

அடுத்து டிரைஎத்தனோலமைனைத் துளித்துளியாக விடும்போதுதான் விசேஷம் நிகழ்கிறது. அமில நிலையில் சுருண்டு கிடந்த சங்கிலிகள், காரம் பட்டதும் தம்மிடத்தில் எதிர் மின்னூட்டம் பெற்று, ஒன்றையொன்று விலக்கித் தள்ளி, நீண்டு விரிந்து, சுற்றியுள்ள நீரையெல்லாம் பிடித்துக்கொள்கின்றன. கண்ணெதிரிலேயே திரவம் தெளிந்து கெட்டிப்படும். பி.எச். தாளில் 6 அளவு காட்டியதும் நிறுத்திவிடலாம். மேலும் மேலும் காரம் விட்டால் இன்னும் கெட்டியாகும் என்பது தவறான எண்ணம்; எல்லை மீறினால் அது மறுபடியும் தளர்ந்துபோகும். கலக்குவதற்குக் கைக்கரண்டியே போதுமானது. மிக்ஸியின் வேகத்தில் சங்கிலிகள் அறுந்துவிட்டால் அந்த நஷ்டத்துக்குப் பரிகாரம் கிடையாது.

உப்பு இதற்குப் பரம விரோதி. சோதித்துப் பார்க்க விரும்புவோர் ஒரு கரண்டி ஜெல்லில் சிட்டிகை உப்பைத் தூவிக் கலந்தால், அது நீராய் உருகுவதைக் காணலாம். உப்பின் அயனிகள் சங்கிலிகளின் மின்னூட்டத்தை மறைத்துவிடுவதே காரணம். கற்றாழைச் சாறும், சில வைட்டமின் உப்புகளும் சேர்ந்த ஜெல்கள் இளகிப்போவது இதனாலேதான். பூசியவுடன் ஜெல் சட்டென்று உடைந்து நீர்த்துப் பரவுவதற்கும் தோலின் மேலுள்ள வியர்வை உப்பே காரணமாதலால், இந்தக் குறையே பூசுகிறவருக்கு ஒரு சுகமாகவும் அமைந்துவிடுகிறது.

சாராயம் கலந்த கைச்சுத்திகரிப்பு ஜெல் செய்ய முற்படுவோர் காரமாகக் காஸ்டிக் சோடாவை உபயோகிக்கலாகாது. சாராயம் மிகுந்த இடத்தில் கார்போமரோடு அது சேர்ந்த கூட்டு நிலைக்காது, டிரைஎத்தனோலமைன் போன்ற அமைன்களே அங்கு உதவும். 2020-இல் கொள்ளை நோய்க் காலத்தில் இத்தகைய ஜெல்லுக்கு ஏற்பட்ட கிராக்கியால் கார்போமரே கிடைக்காமல் தட்டுப்பாடு வந்தது.

முடிந்த ஜெல்லைச் சுத்தமான, வெயில் ஊடுருவாத நிறக் குப்பியில் நிரப்புங்கள். கண்ணாடிபோல் தெளிந்த குப்பி பார்வைக்கு அழகாயினும், சூரிய ஒளி நாளடைவில் பாலிமரைச் சிதைத்து ஜெல்லை நீர்க்கச் செய்துவிடும். முதல் உபயோகத்துக்கு முன்னர் முழங்கையின் உட்புறத்தில் சிறிது தடவி, ஒரு நாள் பொறுத்துப் பார்த்து, சிவப்போ அரிப்போ தோன்றாவிடில் முகத்துக்குக் கொண்டுசெல்லலாம்.