நெசவுக்கூடத்தில் நீர்தூவிகளின் எல்லை

தீயணைப்பு ஏற்பாட்டிற்கான மதிப்பீடு நிர்வாகக் குழுவின் முன் வரும்போது அங்கத்தினர்கள் மொத்தத் தொகையையே நோக்குகின்றனர். ஸ்பிரிங்க்ளர் எனப்படும் நீர்தூவி முனைகள் எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பரப்பைக் காக்க வேண்டும் என்ற வினா எழுவது அரிது. முதலில் கேட்கத்தக்கது அதுவே.

வழக்கமான முனையின் கண்ணாடிக் குமிழ் 68 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் உடையும். வெப்பம் தாக்கிய முனை மட்டுமே திறக்கும். திரைப்படத்தில் காண்பதுபோல் எல்லாம் ஒருங்கே திறப்பதில்லை. ஆகவே தீக்கு மேலுள்ள சில முனைகளின் நீரே அதனை அடக்கியாக வேண்டும். ஒரு முனைக்குரிய பரப்பு மிகுந்தால் அந்த நீர் மெலிந்துவிடும்.

அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் 13-ஆம் எண் விதி, சாதாரணத் தெளிப்பு முனைக்கு அலுவலகம் போன்ற இடங்களில் 225 சதுர அடி வரை அனுமதிக்கிறது. நெசவுக்கூடம் நடுத்தர அபாய வகை. அங்கே 130 சதுர அடிதான் எல்லை. பஞ்சு பிரிக்கும் அறைக்கும் கார்டிங் அறைக்கும் பெரும்பாலும் 100. நெசவுக்கூடத்தில் முனைக்கு முனை 15 அடிக்கும், சுவருக்கு ஏழரை அடிக்கும் மிகலாகாது.

பலர் இடறுமிடம் இதுதான். 15 அடிக்கு 15 அடி என அமைத்தால் பரப்பு 225 ஆகிவிடும். தூர எல்லையும் பரப்பு எல்லையும் தனித்தனி. இரண்டும் நிறைவேற வேண்டும்.

40 அடி நீளமும் 26 அடி அகலமும் உள்ள கூடத்தைக் கொள்வோம். பரப்பு 1,040 சதுர அடி. 130-ஆல் வகுக்க 8 முனைகள். நான்கு நான்காக இரண்டு வரிசை. நீளவாக்கில் 10 அடி, வரிசைகளுக்கிடையே 13 அடி, வரிசைக்கும் பக்கச் சுவருக்கும் ஆறரை அடி. கணக்கு இம்மியும் பிசகாது. ஆனால் குழாய் பொருத்துவோர் உத்திரத்தைத் தவிர்க்க இரு வரிசைகளையும் அரை அடி நகர்த்திவிட்டனர் என்க. ஒரு சுவர் 7 அடியாகும், எதிர்ச்சுவர் 6 அடியாகும். எந்தத் தூர எல்லையும் மீறப்படவில்லை. எனினும் விதியின்படி சுவர்த்தூரத்தின் இருமடங்கையும் அடுத்த வரிசையின் தூரத்தையும் ஒப்பிட்டுப் பெரியதையே கொள்ளவேண்டும். இருமடங்கு 14, பத்தால் பெருக்க 140 சதுர அடி. அந்த வரிசை தவறிவிட்டது! அதில் நான்குக்குப் பதில் ஐந்து முனைகளை 8 அடிக்கு ஒன்றாக வைத்தால் 112 ஆகக் குறையும். கூடுதல் செலவு ஒரு முனையும் சிறிது குழாயும். பிறகு கூரையைப் பிரிப்பதைவிட இது மலிவு.

நம் நாட்டில் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் 15105-ஆம் எண் விதியும் தீயணைப்புத் துறையின் நிபந்தனைகளுமே செல்லும். அவற்றின் அளவுகள் மீட்டரில் உள்ளன. ஒப்பந்தக்காரர் எந்த விதியைப் பின்பற்றினார், எந்த அபாய வகையெனக் கொண்டார் என்பதை வரைபடத்திலேயே எழுதித்தரக் கேளுங்கள். பணம் கொடுக்குமுன் நாடா பிடித்துச் சுவரிலிருந்து அளந்து பாருங்கள்.

சரக்கு அடுக்கும் இடங்களில் முனையின் தகட்டுக்குக் கீழ் 18 அங்குலமேனும் வெற்றிடம் வேண்டும். தீபாவளிக் கொள்முதலின்போது நூற்பொதிகள் அந்த இடைவெளிக்குள் ஏறிவிடுகின்றன. கிடங்குக் காப்பாளர் சுவரில் சிவப்புக் கோடு இழுத்து அதற்குமேல் அடுக்க விடாதிருப்பாராக.