டிஎஸ்பி பெட்டியோடு பாட்டுப் பதிவு: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

யூனிவர்சல் ஆடியோ நிறுவனம் 2001-ல் யூஏடி-1 கார்டை வெளியிட்டபோது, அது எதற்கு என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அன்றைய கம்ப்யூட்டரில் நல்ல ரிவெர்ப் இரண்டு மூன்று போட்டாலே மூச்சு வாங்கும். அந்தச் சுமையைத் தனியாக ஒரு டிஎஸ்பி சிப்பிடம் தள்ளிவிட்டால்தான் மிக்ஸிங்கை முடிக்க முடியும். இன்று நடுத்தர விலை லேப்டாப்பே டஜன் கணக்கில் பிளக்-இன்களைத் தாங்குகிறது. அதே நிறுவனம் 2022-லிருந்து தன் பிளக்-இன்களில் பலவற்றை டிஎஸ்பி இல்லாமலே ஓடும் வடிவில் விற்கிறது. பிறகு டிஎஸ்பி சிப்போடு வரும் அந்த நிறுவனத்தின் அப்பல்லோ இன்டர்ஃபேஸ் மாதிரி ஒரு பெட்டிக்கு எதற்கு இவ்வளவு காசு?

உருப்படியான காரணம் ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது என்பேன். பாடும்போதே, வாசிக்கும்போதே, ப்ரீஆம்பும் கம்ப்ரஸரும் சேர்ந்த ஒலி தாமதமில்லாமல் ஹெட்ஃபோனில் கேட்க வேண்டும். கீழே சொல்வதில் பெரும்பகுதி அதை ஒட்டியதுதான். வீட்டு ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்குவதால் அப்பல்லோவையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன்.

செய்ய வேண்டியவை

• வாங்குவதற்கு முன் லேப்டாப்பின் போர்ட்டைப் பாருங்கள். அப்பல்லோ மாடல்களில் பெரும்பாலானவை தண்டர்போல்ட்டில் ஓடுபவை. யூஎஸ்பி-சி வடிவத்தில் இருப்பதாலேயே ஒரு போர்ட் தண்டர்போல்ட் ஆகிவிடாது. பக்கத்தில் மின்னல் குறி இருக்கிறதா என்று பாருங்கள். லேப்டாப்பின் விவரப் பட்டியலிலும் உறுதி செய்துகொள்ளுங்கள். கேபிளிலும் இதே சிக்கல்தான். போன் சார்ஜர் கேபிள் கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் பெட்டி இருப்பதே கம்ப்யூட்டருக்குத் தெரியாது. யூஎஸ்பி-யில் ஓடும் அப்பல்லோ மாடல்கள் வந்தபோது விண்டோஸுக்கு மட்டுமானவையாக இருந்தன. மேக் வைத்திருப்பவர் நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலைப் பார்க்காமல், விலையை மட்டும் பார்த்து அதை எடுத்துவிடக் கூடாது. அதே நிறுவனத்தின் வோல்ட் வரிசையில் டிஎஸ்பியே கிடையாது என்பதையும் கடைக்காரர் சொல்லாமல் விடலாம்.

• பாடுபவர் காதுக்குப் போகும் ஒலியை, அப்பல்லோவோடு வரும் கன்சோல் என்ற மிக்ஸர் மென்பொருள் வழியாக அனுப்புங்கள். முழுக் கட்டுரையிலும் ஒன்றை மட்டும்தான் பின்பற்றுவேன் என்பவர் இதைப் பின்பற்றலாம். சாதாரண இன்டர்ஃபேஸில் குரல் கம்ப்யூட்டருக்குள் போய், பஃபரில் காத்திருந்து, பிளக்-இன்னைக் கடந்து, இன்னொரு பஃபரில் காத்திருந்து வெளியே வருகிறது. 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 256 என்றால் ஒரு வழிக்கு 5.3 மில்லிசெகண்ட். போக வர, அனலாக்-டிஜிட்டல் மாற்றிகளின் நேரமும் சேர்ந்தால் 10-ஐத் தாண்டிவிடும். பாடகருக்குத் தன் குரல் எலும்பு வழியே உடனே கேட்டுவிடுகிறது. ஹெட்ஃபோனில் வருவது பிந்தி வந்து அதோடு மோதுகிறது. "என் குரல் டப்பாவுக்குள்ளிருந்து வர்ற மாதிரி இருக்கு" என்று அவர் சொன்னால் மைக்கைக் குறை சொல்லாதீர்கள். மிருதங்கக்காரருக்கு இது இன்னும் கொடுமை. மூன்றாம் காலத்தில் கை முன்னே போக, காது பின்னே இழுக்கும்.

அப்பல்லோவில் குரல் பெட்டிக்குள் இருக்கும் ஷார்க் சிப்பிலேயே பிளக்-இன்னைக் கடந்து, 2 மில்லிசெகண்டுக்குள் ஹெட்ஃபோனுக்கு வந்துவிடுகிறது. ஒலி காற்றில் சுமார் 70 சென்டிமீட்டர் போக எடுக்கும் நேரம் அது. கம்ப்யூட்டரின் பஃபருக்கும் இந்த வழிக்கும் தொடர்பே இல்லை; பஃபர் 1024-ல் இருந்தாலும் பாடுபவருக்குத் தெரியாது.

• கன்சோலைத் திறந்த கையோடு ரெக்கார்டிங் மென்பொருளின் இன்புட் மானிட்டரிங்கை அணைத்துவிடுங்கள். க்யூபேஸ், லாஜிக், ரீப்பர் எதுவானாலும் சரி. இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு வழியில் வரும். பெட்டி பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு போகுமுன் இதை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

• டேக் தொடங்குவதற்கு முன் 'ரெக்'கா 'மான்'னா என்று முடிவு செய்யுங்கள். கன்சோலில் யூஏடி ரெக் இருந்தால் எஃபெக்ட் சேர்ந்தே பதிவாகும், பிறகு பிரிக்க முடியாது. யூஏடி மான் இருந்தால் காதுக்கு மட்டும் எஃபெக்ட், ஃபைலில் வெறும் குரல். என் வழக்கம் இது: குரலுக்கு எல்ஏ-2ஏ மாதிரி மென்மையான கம்ப்ரஸரில் இரண்டு மூன்று டெசிபல் மட்டும் அடங்கும்படி வைத்துப் பதிவு செய்துவிடுவேன். ஈக்யூவைப் பதிவு செய்ய மாட்டேன். கிட்டார் ஆம்ப் பிளக்-இன் என்றால் எப்போதும் மான்தான், ஏனென்றால் மறுநாள் டைரக்டர் வேறு டோன் கேட்பார். மான் வழியில் போகிறவர்கள் கன்சோலில் வைத்த செட்டிங்கை ப்ரீசெட்டாகச் சேமித்து, அதையே மென்பொருளில் உள்ள ட்ராக்கில் ஏற்றிக்கொள்ளலாம். பாடகர் கேட்ட ஒலியே மிக்ஸிங்குக்கும் தொடக்கமாக அமையும்.

• யூனிசன் பிளக்-இன்னை முதலில் போட்டுவிட்டு, பிறகு கெயின் வையுங்கள். 2014-ல் வந்த இந்த வசதி வெறும் மென்பொருள் வித்தை இல்லை. நீவ் 1073 ப்ரீஆம்பைத் தேர்ந்தெடுத்தால், பெட்டியின் அனலாக் சர்க்யூட்டில் இன்புட் இம்பீடன்ஸே மாறுகிறது. டைனமிக், ரிப்பன் மைக்குகளில் வித்தியாசம் காதில் விழும். கெயின் அமைப்பும் பிளக்-இன் சொல்கிறபடி மாறுவதால், முன்பு வைத்த அளவு செல்லாது. மாற்றும் நேரத்தில் ஹெட்ஃபோனை மியூட் செய்துவிடுங்கள், பாடுபவரின் காது பத்திரம். ப்ரீஆம்புக்கென்று இருக்கும் தனி இடத்தில் போட்டால்தான் இது யூனிசன். கீழே உள்ள மற்ற இடங்களில் போட்டால் சாதாரண எஃபெக்ட்தான்.

• பாடுபவருக்கு ரிவெர்ப் வேண்டுமென்றால் ஆக்ஸில் ஒன்றே ஒன்று போடுங்கள். நான்கு பேர் வாசித்தாலும் நால்வருக்கும் அதையே அனுப்பலாம், சிப்பும் மிஞ்சும்.

• ஒரே வாத்தியத்துக்கு இரண்டு மைக் வைத்தால் இன்புட் டிலே காம்பன்சேஷனைப் போட்டுவிடுங்கள். சில பிளக்-இன்கள் உள்ளுக்குள் சாம்பிள் ரேட்டை உயர்த்திக் கணக்குப் போடுவதால் சற்றுப் பிந்தும். மிருதங்கத்தின் வலந்தலை மைக்கில் அப்படி ஒன்று இருந்து தொப்பி மைக்கில் இல்லையென்றால், இரண்டிலும் விழும் ஒலி ஒன்றை ஒன்று தின்னும். 48 கிலோஹெர்ட்ஸில் 24 சாம்பிள் பிந்தினாலே அது அரை மில்லிசெகண்ட். இரண்டையும் கலக்கும்போது 1000 ஹெர்ட்ஸ் பக்கம் பள்ளம் விழும்.

• சிப் கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள். சோலோவில் ஒரு சிப், டுயோவில் இரண்டு, குவாடில் நான்கு. ஒரு பிளக்-இன் முழுவதும் ஒரே சிப்புக்குள் அடங்க வேண்டும். இரண்டு சிப்பில் கொஞ்சம் கொஞ்சம் காலி இருந்தாலும், அவற்றைச் சேர்த்து ஒரு பெரிய பிளக்-இன்னுக்கு இடம் தர முடியாது. மீட்டரில் இடம் இருக்கிறதே, ஏன் ஏற மறுக்கிறது என்ற கேள்விக்குப் பெரும்பாலும் இதுதான் பதில். 48-லிருந்து 96 கிலோஹெர்ட்ஸுக்குப் போனால் சுமை ஏறக்குறைய இரட்டிப்பாகும். 96-ல் பதிவு செய்யக் காரணம் இல்லாதவர்கள் 48-லேயே இருக்கலாம்.

• வேலை முடிந்ததும் எஃபெக்ட் சேர்ந்த ஒவ்வொரு ட்ராக்கையும் ஆடியோவாக மாற்றி வையுங்கள், வெறும் ட்ராக்கையும் கூடவே வையுங்கள். டிஎஸ்பி உலகின் வரலாறே இதற்குப் போதும். டிசி எலக்ட்ரானிக் தன் பவர்கோர் வரிசையை 2011-ல் நிறுத்தியது. 2013-ல் வந்த ப்ரோ டூல்ஸ் 11, பல ஆண்டுகளாக ஸ்டுடியோக்களை ஆண்ட டிடிஎம் பிளக்-இன்களைக் கைவிட்டது. யூஏடி-1 கார்டும் போய்விட்டது. அந்தந்தக் காலத்து செஷன்களைத் திறந்தால் குரல் ஃபைல் இருக்கும், அன்று கேட்ட ஒலி இருக்காது. இன்றே இன்னொருவருக்கு மிக்ஸிங்குக்கு அனுப்புவதாக இருந்தாலும் இதே கதைதான். அவரிடம் பெட்டி இல்லையென்றால் உங்கள் பிளக்-இன்கள் வேலை செய்யாமல் சும்மா உட்கார்ந்திருக்கும்.

செய்யக்கூடாதவை

• கம்ப்யூட்டர் வேகமாகும் என்று நம்பி டிஎஸ்பி வாங்காதீர்கள். அந்தச் சிப்பில் யூஏடி பிளக்-இன்கள் மட்டும்தான் ஓடும். காண்டாக்ட் சாம்ப்ளரில் ஏற்றிய வயலின் கூட்டமும், வேறு நிறுவனத்தின் ரிவெர்பும் உங்கள் லேப்டாப்பின் தலையில்தான். கீபோர்டில் சாஃப்ட்வேர் வாத்தியம் வாசிப்பவர்களுக்கு இந்தப் பெட்டியால் தாமதம் குறையாது. பஃபரைக் குறைக்கத்தான் வேண்டும். முக்கால்வாசி வேலை ப்ரோகிராமிங் என்றால் அந்தக் காசுக்கு ரேம் வாங்குவது புத்திசாலித்தனம்.

• பதிவாகும் ட்ராக்கில், ரெக்கார்டிங் மென்பொருளுக்குள், டிஎஸ்பி சிப்பில் ஓடும் யூஏடி-2 வடிவ பிளக்-இன்னைப் போட்டுக் கேட்காதீர்கள். ஒலி கம்ப்யூட்டரிலிருந்து பெட்டிக்குப் போய்த் திரும்ப வர வேண்டியிருப்பதால், பஃபரைப் போல இரண்டு மடங்கு கூடுதல் தாமதம் சேரும். 48 கிலோஹெர்ட்ஸில் பஃபர் 1024 என்றால் அது மட்டுமே 42 மில்லிசெகண்டைத் தாண்டும். மிக்ஸிங்கில் மென்பொருள் மற்ற ட்ராக்குகளையும் அதே அளவு தள்ளிவைத்துச் சரிசெய்துவிடும், உங்களுக்குத் தெரியவே தெரியாது. எதிரே நின்று பாடுபவரை அப்படித் தள்ளிவைக்க முடியாது.

• படத்தின் வேலை ஓடிக்கொண்டிருக்கும்போது ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை அப்டேட் செய்யாதீர்கள். இந்தப் பெட்டிகளின் டிரைவர் சிஸ்டத்தின் அடிமட்டத்தைத் தொடுவது. ஆப்பிள் சிலிக்கன் மேக்குகளில் அதை ஏற்றவே ரிகவரிக்குப் போய்ப் பாதுகாப்பு அமைப்பைத் தளர்த்த வேண்டியிருந்திருக்கிறது. நிறுவனத்தின் பொருத்தப் பட்டியலில் உங்கள் மாடலும் புதிய சிஸ்டமும் சேர்ந்து இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கையில் வேலை இல்லாத வாரத்தில் செய்யுங்கள்.

• காலி இடம் இருக்கிறது என்பதற்காக எல்லா ஸ்லாட்டையும் நிரப்பாதீர்கள். 1967-ல் ஆடியோ பொறியாளர் பில் புட்னம் கொண்டுவந்த 1176 அருமையான கம்ப்ரஸர்தான். அதற்காக அதையும், அடுத்து எல்ஏ-2ஏவையும், அதற்கடுத்து டேப்பையும் போட்டு எல்லாவற்றையும் ரெக்கில் பதிவு செய்தால், மிக்ஸிங் செய்பவருக்கு மிஞ்சுவது நசுங்கிய குரல்.

• ரேக்கில் அப்பல்லோவை மற்ற பெட்டிகளோடு ஒட்டி அடுக்காதீர்கள். நன்றாகச் சூடாகும், மேலே இடம் விடுங்கள்.

• தள்ளுபடி விற்பனையைப் பார்த்ததும் பிளக்-இன் வாங்காதீர்கள். ஒவ்வொன்றுக்கும் 14 நாள் இலவச முன்னோட்டம் உண்டு. கையில் உண்மையான வேலை இருக்கும் இரண்டு வாரமாகப் பார்த்து அதைத் தொடங்குங்கள். சும்மா கேட்டுப் பார்த்தால் எல்லாமே நன்றாகத்தான் இருக்கும்.

• பழைய பெட்டியை வாங்கும்போது, விற்பவர் யூனிவர்சல் ஆடியோவில் உள்ள தன் கணக்கிலிருந்து அதை முறைப்படி மாற்றித் தருவதற்கு முன் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். யூஏடி-2 உரிமங்கள் பெட்டியோடு கட்டப்பட்டவை. "ஐம்பது பிளக்-இன் இருக்கு" என்று அவர் சொன்னால், எவை உங்கள் கணக்குக்கு மாறும் என்று எழுத்தில் வாங்குங்கள். டிஎஸ்பி இல்லாமல் ஓடும் வடிவங்களுக்கு உரிமம் ஐலாக்கில் இருக்கும். அது தனிக் கணக்கு, அதைப் பற்றித் தனியாகக் கேளுங்கள்.