தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. சென்னையில் பெருமழை கொட்டிய நாள். பெருங்குடியில் வேலை முடிந்து மடிப்பாக்கத்தில் இருக்கும் வீட்டுக்குக் கிளம்பினேன். வாங்கி இரண்டு வருடம்கூட ஆகாத சின்ன கார். எங்கள் பகுதிக்குத் திரும்பும் சாலையில் தண்ணீர் தேங்கியிருந்தது. முன்னால் போன வேன் கடந்துவிட்டதைப் பார்த்து நானும் விட்டேன். பாதி தூரத்தில், எதிரே வந்த லாரி கிளப்பிய அலை பானெட்டின் மேல் ஏறி விழுந்தது. வண்டி ஒரு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

பின் சீட்டில் என் மகள். பதற்றத்தில் சாவியைத் திருப்பினேன். மறுபடியும் திருப்பினேன். மூன்றாவது முறை எஞ்ஜின் ஒரு கணம் பற்றியது. உடனே உள்ளேயிருந்து ‘டக்’ என்று ஒரு சத்தம். அதன் பிறகு அசையவே இல்லை. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

சில நாள் கழித்து வண்டியை இழுத்துக்கொண்டு போனபோது மெக்கானிக் முதலில் கேட்ட கேள்வி: “தண்ணியில நின்ன வண்டிய திரும்ப ஸ்டார்ட் பண்ணீங்களா சார்?”

சைலன்சர் வழியாகத் தண்ணீர் போய்விடும் என்றுதான் நம்மில் பலரும் பயப்படுகிறோம். ஆனால் எஞ்ஜினைக் கொல்வது முன்பக்கம் கிரில்லுக்குப் பின்னால் இருக்கும் காற்று உறிஞ்சும் குழாய். அலை அந்த உயரத்துக்கு எழும்பினால் எஞ்ஜின் காற்றோடு தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. மேலே வரும் பிஸ்டன் தண்ணீரில் முட்டி நிற்க, கனெக்டிங் ராடு வளைகிறது. என் வண்டியில் நடந்தது அதுதான். நின்ற வண்டியை அப்படியே விட்டிருந்தால், பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவதோடு முடிந்திருக்க வாய்ப்புண்டு. நான் சாவியைத் திருப்பியதால் எஞ்ஜினைப் பிரிக்க வேண்டியதாயிற்று. காப்பீட்டு நிறுவனமும் அதையே காரணம் காட்டிக் கைவிரித்தது.

ஆகவே, தண்ணீரில் வண்டி நின்றுவிட்டால் சாவியைத் தொடாதீர்கள். பட்டன் ஸ்டார்ட் என்றாலும் அப்படித்தான். தள்ளி மேட்டுக்குக் கொண்டுபோய், பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, ரெக்கவரி வேனைக் கூப்பிடுங்கள். ஆட்டோமேட்டிக் வண்டியைக் கயிறு கட்டி இழுக்க விடாதீர்கள்; மேலே ஏற்றிக்கொண்டு போகும் வேன்தான் வேண்டும்.

இன்னொரு தவறும் செய்தேன்: ஆழத்தை வேனை வைத்து அளந்தேன். வேனின் உயரம் வேறு, என் காரின் உயரம் வேறு. இப்போதெல்லாம் மீடியன் கல்லைப் பார்க்கிறேன். அதன் கறுப்பு வெள்ளைப் பட்டை தண்ணீருக்குள் மறைந்திருந்தால் திரும்பிவிடுவேன். காரணம் இதுதான்: ஒரு சின்ன காரின் அடிப்பரப்பு சுமார் 6 சதுர மீட்டர். அடித்தட்டுக்கு மேல் ஒவ்வொரு சென்டிமீட்டர் தண்ணீர் ஏறும்போதும் அது வண்டியை ஏறக்குறைய 60 கிலோ அளவுக்கு மேலே தூக்குகிறது. 15 சென்டிமீட்டர் ஏறினால் 900 கிலோ; சின்ன காரின் எடையே ஏறக்குறைய அவ்வளவுதான். அடித்தட்டே தரையிலிருந்து சுமார் 17 சென்டிமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: முழங்காலைக்கூட எட்டாத தண்ணீரிலேயே டயர் பிடிப்பை இழக்கத் தொடங்கிவிடும். தேங்கிய தண்ணீரில் இப்படியென்றால், ஓடுகிற தண்ணீரில் சொல்லவே வேண்டாம். தரைப்பாலத்தின் மேல் தண்ணீர் ஓடினால், எவ்வளவு குறைவாகத் தெரிந்தாலும் காரை இறக்கக் கூடாது.

சுரங்கப்பாதையும் அப்படியே. சென்னையில் கணேசபுரம், துரைசாமி, அரங்கநாதன் சப்வேக்கள் ஒவ்வொரு பெருமழையிலும் நிரம்புவதைப் பார்க்கிறோம். சரிவு எங்கே முடிகிறது என்று மேலிருந்து தெரியாது. சுற்றிப் போனால் அரை மணி நேரம் கூடும், அவ்வளவுதான்.

கடந்தே ஆக வேண்டிய ஆழமில்லாத தண்ணீர் என்றால், ஏ.சி.யை அணைத்து, கண்ணாடியை இறக்கி, ஃபர்ஸ்ட் கியரில் ஆள் நடக்கும் வேகத்தில் போங்கள். நடுவில் கியர் மாற்ற வேண்டாம், காலை ஆக்சிலேட்டரிலிருந்து முழுதாக எடுக்கவும் வேண்டாம். முன்னால் போகும் வண்டி வெளியேறும் வரை காத்திருங்கள். எதிரே பஸ்ஸோ லாரியோ வந்தால் தண்ணீருக்குள் இறங்கும் முன்பே நின்று அதற்கு வழிவிடுங்கள். சாலையின் நடுப்பகுதி பொதுவாக மேடாக இருக்கும். மூடி திறந்து கிடக்கும் மழைநீர் வடிகால் பெரும்பாலும் ஓரத்தில்தான் ஆபத்தாகிறது. வெளியே வந்ததும் பிரேக்கை நாலைந்து முறை மெல்ல அழுத்திக் காயவையுங்கள். ஈரமான பிரேக் முதல் தடவை சரியாகப் பிடிக்காது.

தண்ணீர் கதவில் ஏறத் தொடங்கினால் காரை மறந்துவிட வேண்டும். சீட் பெல்ட்டை அவிழ்த்து, கண்ணாடியை உடனே இறக்குங்கள். பவர் விண்டோ கொஞ்ச நேரம்தான் வேலை செய்யும். வெளியே தண்ணீர் அழுத்தும்போது கதவு திறக்காது. உடைக்க வேண்டிவந்தால் பக்கக் கண்ணாடியின் மூலையில் அடிக்க வேண்டும். முன் கண்ணாடி அடுக்குக் கண்ணாடி, எளிதில் உடைந்து விழாது. முதலில் குழந்தைகளை வெளியே அனுப்புங்கள். அன்றிரவு என் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சுத்தியல்கூட இல்லை என்பதை இப்போது நினைத்தாலும் நடுங்குகிறது. இன்று டிரைவர் சீட்டுக்குப் பக்கத்தில் ஒன்று இருக்கிறது.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வருகிறது என்றதும், 3ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மதியமே காரைப் பரங்கிமலையில் மாமா வீட்டு மேட்டில் விட்டுவிட்டு வந்தேன். மறுநாள் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். 2024 அக்டோபரில் வெள்ளத்துக்குப் பயந்து வேளச்சேரி மேம்பாலத்தில் கார்களை வரிசையாக நிறுத்திய படத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தடவை பட்டவர்கள் வேறென்ன செய்வார்கள்? அவர்கள் செய்தது சரி என்பதே என் எண்ணம்.

கடைசியாகக் காப்பீடு: சாதாரண பாலிசி, தண்ணீரில் ஸ்டார்ட் செய்து கெட்ட எஞ்ஜினுக்குப் பொதுவாகப் பணம் தராது. ‘எஞ்ஜின் புரொடெக்ட்’ என்ற கூடுதல் பாதுகாப்பைத் தனியாகச் சேர்க்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. அதற்குள் ஒரு நாள் உங்கள் பாலிசியை எடுத்து, அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள்.