வெண்பனி எப்போது சரியும்?

ஆவடியில் பங்குனி வெயில் கொளுத்தும்போது, மனாலிக்கு மேலுள்ள இமயச் சரிவுகளில் வெண்பனி உருகத் தொடங்குகிறது. அங்கே பனிச்சறுக்குப் பலகைகளுடன் மலையேறுவோர் விடியுமுன் புறப்பட்டு, வெயில் ஏறுமுன் இறங்கிவிடுவர். ஏன் தெரியுமா?

ஒரு சோதனை செய்து பாருங்கள். ஐஸ் கட்டியை நொறுக்கி, சற்று ஈரமானதும் கிண்ணத்தில் அழுத்தி, குளிர்பதனப் பெட்டியின் ஐஸ் அறையில் இரவு முழுதும் வையுங்கள். காலையில் துகள்கள் ஒட்டிக் கல்லாகியிருக்கும். வெயிலில் சாய்த்து வையுங்கள்; குழைந்து சரியும்.

மலையிலும் இதுவே நிகழ்கிறது. தெளிந்த இரவில் பனிப்பரப்பு வெப்பத்தை இழந்து இறுகுகிறது. பகலில் துகள்களின் பிணைப்பு உருகித் தளர்கிறது. 30 முதல் 45 பாகை வரை சாய்ந்த சரிவுகளில் ஈரப்பனி திரளாகச் சரிந்து ஆட்களைப் புதைத்துவிடலாம்.

இரவில் மேகம் மூடினால், அது போர்வைபோல் வெப்பத்தைத் தடுக்கும். பனி நன்கு இறுகாது. அன்று விடியற்காலையையும் நம்பலாகாது!