சிரிப்பு மேடைக்குச் செல்பவர்களுக்கு

சென்னையில் நடைபெறும் ஸ்டாண்ட்-அப் காமெடி நிகழ்ச்சிக்கு முதன்முறையாகச் செல்பவர், அங்கே திரைச்சீலையோ வேஷமோ இராமல் ஒரு மைக்கும், அதைப் பிடித்துக்கொண்டு பேசும் ஒரு மனிதருமே இருப்பார்கள் என்பதை அறிந்திருப்பது நலம். அலெக்ஸாண்டர் பாபுவைப் போலச் சங்கீதத்தையும் ஹாஸ்யத்தோடு கலந்து தருகிறவர்கள் சிலரே.

டிக்கெட்டில் ‘ஓபன் மைக்’ என்றிருந்தால், பலர் ஆளுக்குச் சில நிமிஷங்கள் தங்கள் புதுச் சரக்கைப் பரீட்சித்துப் பார்க்கும் சபை அது என்று பொருள். பாதி ஹாஸ்யம் எடுபடாமற் போவது அங்கே சகஜமாகையால், முதல் அனுபவத்துக்குத் தனி ஒருவரின் முழு நிகழ்ச்சியே உத்தமம் என்பது என் அபிப்பிராயம்.

முன்வரிசையில் அமர்கிறவரிடம், “சார், என்ன வேலை பார்க்கறீங்க?” என்ற கேள்வி எந்நேரமும் வந்து விழும். ‘ஐ.டி.’ என்று சுருக்கமாக உண்மையைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதை மேடையில் இருப்பவர் பார்த்துக்கொள்வார். பதிலுக்கு நாமும் ஹாஸ்யம் பண்ணப் புகுந்தால், மைக் அவர் கையிலிருக்கிறது என்பதை உடனே உணர நேரிடும். கூச்ச சுபாவிகள் நான்காம் வரிசைக்கு அப்பால் அமர்வது க்ஷேமம். தாமதமாக வந்து இருட்டில் இடம் தேடுகிறவரும் பேச்சுக்கு விஷயமாகிவிடுவதுண்டு.

செல்போனில் படம் பிடிக்கலாகாது என்பது வெறும் கெடுபிடியன்று: மாதக்கணக்கில் ஊர் ஊராகச் சொல்லிச் செப்பனிட்ட ஹாஸ்யம், முன்கூட்டியே வெளியாகிவிட்டால், எதிர்பாராமையால் விளையும் சிரிப்பை இழந்துவிடுகிறது.

குழந்தைகளை அழைத்துச் செல்லுமுன் டிக்கெட்டில் குறித்துள்ள வயது வரம்பைப் பாருங்கள்; பெரியவர்களுக்கு மட்டுமான பேச்சும் உண்டு.